கயிறு பிடித்த கை

ஆகஸ்ட் 19, திங்கள்

எந்த இடத்தில் வலி, எந்த அசைவில் வலி என்று தினமும் எழுதி வைக்கச் சொன்னார் பிசியோ. போன வாரம் டச்சு மொழியில் ஒரு பக்கம் எழுதினேன். பயிற்சியாளர் லூடோ அதை என் பையிலிருந்து எடுத்து வாசித்துவிட்டுக் கிழித்துப் போட்டார். அதனால் தமிழில் எழுதுகிறேன். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு அழுதுகொண்டு போனது இப்போது உதவுகிறது.

இன்று நாலு சுற்றுத் தாவல். பனியில் சறுக்கிவந்து எழும்பி, காற்றில் நாலு முறை சுழன்று, ஒற்றைக் காலில் பின்னோக்கி இறங்க வேண்டும். முச்சுற்று எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. நாலு சுற்றி இறங்கி ஒரு முறையும் நிற்கவில்லை. விழுந்தேன், எழும்பினேன், விழுந்தேன். வலது இடுப்பில் உள்ளங்கை அளவு கறுப்பு.

ஏழு வயதில் வகுப்புத் தோழனின் பிறந்தநாளுக்குப் பனித்தளத்துக்குப் போனவன் நான். பன்னிரண்டில் லூடோ என்னை எடுத்தார். பதினாலில் பெல்ஜியத்தின் இளையோர் சாம்பியன். அதன்பின் ஒவ்வொரு வருடமும் இரண்டாவது, மூன்றாவது. துவாரகன் என்ற என் பெயரை அறிவிப்பாளர்கள் ஒவ்வொரு மேடையிலும் ஒவ்வொரு விதமாகக் கொன்றிருக்கிறார்கள். ஐரோப்பியப் போட்டிக்கு ஒரு முறையும் போனதில்லை. எங்கள் நாட்டுக்கு ஆண்களில் ஒரேயொரு இடம். எனக்கு இருபத்தொன்றாகிறது. இந்தக் குளிர்காலம் விட்டால் இனி இல்லை.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

சறுக்குச் சப்பாத்தின் பிளேடைத் தீட்டக் கொடுத்தேன். துணி துவைத்தேன். சூப்பர் மார்க்கெட் வேலைக்கு அரை மணி நேரம் பிந்தி மனேஜரிடம் பேச்சு வாங்கினேன். இடது கெண்டைக்காலில் வீக்கம். பிளேடுக்குப் போடும் பிளாஸ்டிக் உறை பட்டது.

செப்டம்பர் 12, வியாழன்

பனித்தளத்தின் கூரையில் ஒரு கம்பி ஓடுகிறது. அதில் கப்பி, கப்பியிலிருந்து கயிறு, கயிற்றின் நுனியில் இடுப்புப் பட்டி. புதுத் தாவல் பழகுகிறவன் பட்டியைக் கட்டிக்கொண்டு எழும்புவான். கயிற்றின் மறுமுனையைப் பிடித்திருக்கும் பயிற்சியாளர் அவனைத் தாங்கி மெதுவாக இறக்குவார். இரட்டைக் கப்பி என்பதால் ஒரு கையாலேயே ஒரு ஆளை நிறுத்தி வைக்கலாம்.

இன்று மூன்று முறை கயிறு நழுவியது. மூன்றாவது முறை முதுகு அடிபட விழுந்து சிறிது நேரம் மூச்சு வரவில்லை. நான் பயந்து காலைத் தளர்த்தினால்தான் நழுவுகிறது என்று லூடோ விளக்கினார். பயப்படாதபோது நழுவவில்லை என்பதும் உண்மைதான்.

செப்டம்பர் 30, திங்கள்

யோரிஸ் இன்று நாலு சுற்று நின்றான். வெள்ளையாக, மெல்லிய கால்களோடு, பத்தொன்பது வயது. அப்பா இல்லை, அம்மா பேக்கரி வைத்திருக்கிறார். இரண்டு வருடமாக ஒரே உடைமாற்றும் அறையில் இருக்கிறோம். என் அம்மா கட்டித் தரும் புட்டில் பாதி அவன் வயிற்றுக்குத்தான் போகும். விரலால் சாப்பிட நான்தான் பழக்கினேன்.

அவன் நின்றதும் லூடோ எங்கள் இருவரையும் அருகருகே நிறுத்தி, ஒரு இடத்துக்கு இரண்டு நாய்கள் என்றார். பிறகு யோரிஸின் கன்னத்தைத் தட்டினார். எனக்கும் தட்டினார், கொஞ்சம் பலமாக. காது மாலைவரை இரைந்தது.

அறையில் யோரிஸ் தன் ஐஸ் பையை என்னிடம் நீட்டினான். இதையெல்லாம் நாங்கள் பேசிக்கொள்வதில்லை. பேச என்ன இருக்கிறது?

அக்டோபர் 17, வியாழன்

இறங்கும்போது என் பிளேடே என் மறு காலை அறுத்துவிட்டது. முதலில் வலி தெரியவில்லை. வெள்ளைப் பனியில் ஒரு சிவப்புக் கோடு எனக்குப் பின்னாலேயே வந்தது. சின்னப் பிள்ளைகள் கத்தினார்கள். தையல் போடப் போகவா என்று கேட்டேன். ஒட்டும் பட்டியைச் சுற்றிக்கொண்டு பயிற்சியை முடிக்கச் சொன்னார் லூடோ.

“உங்கள் ஆட்களுக்கு வலி பழக்கம்தானே” என்றார்.

பாராட்டாகத்தான் சொல்லியிருப்பார். முடித்தேன். ஆறு மணிக்கு மருத்துவமனையில் தைத்தார்கள்.

நவம்பர் 16, சனி

தேசியப் போட்டி முடிந்தது. யோரிஸ் முதலாவது, நான் இரண்டாவது. அவன் நாலு சுற்று நின்றான். நான் விழுந்தேன்; மற்ற எல்லாவற்றையும் நன்றாகச் செய்தேன். புள்ளிகளுக்காகக் காத்திருக்கும் இருக்கையில் கமரா பார்த்துக்கொண்டிருக்க லூடோ என் பிடரியைத் தடவினார். வீட்டில் அம்மா அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருப்பார். கமராவுக்கு நகங்கள் தெரிவதில்லை.

பிறகு கழிவறையில் என்னோடு தனியாகப் பேசினார். முன்பல் ஒன்று ஆடுகிறது. இரண்டு நாளைக்குச் சூப் போதும்.

நவம்பர் 26, செவ்வாய்

ஐரோப்பியப் போட்டி முடிந்ததும் பிரான்சில் ஒரு பயிற்சியாளரிடம் போகப் போவதாக யோரிஸ் சொன்னான். லூடோவிடமும் நேற்றே சொல்லிவிட்டானாம். என்ன சொன்னார் என்று கேட்டேன். ஒன்றுமே சொல்லவில்லை, வாழ்த்தினார் என்றான். அப்படிச் சொல்லும்போது சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டிருந்தான்.

நவம்பர் 28, வியாழன்

யோரிஸுக்கு விபத்து.

காலைப் பயிற்சி. தளத்தில் மூன்று பேர்தான்: அவன், நான், லூடோ. யோரிஸ் பட்டியைக் கட்டியிருந்தான். ஏற்கெனவே நிற்கிற தாவலுக்குப் பட்டி எதற்கு என்று நான் நினைத்தேன், கேட்கவில்லை. அவன் எழும்பினான். லூடோ கயிற்றை வழக்கத்தைவிட உயரமாக இழுத்தார். யோரிஸ் என் தலைக்கு மேலே போய் அங்கே ஒரு கணம் தொங்கினான். பிறகு பட்டியின் கொக்கி கழன்று விழுந்தான்.

இடது கால் அவனுக்கு அடியில் மடிந்து போனது. கட்டை முறிகிற சத்தம் கேட்டது. முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் போய், ஒன்று தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே நின்றது. அவன் கத்தவில்லை. பனியைக் கையால் அடித்துக்கொண்டே இருந்தான். நான் போய்த் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். அம்புலன்ஸ் ஆட்கள் வந்ததும் பட்டியைக் கழற்றச் சொன்னார்கள். இரண்டு கொக்கியும் இறுகிக் கிடந்தன, கழற்ற முடியவில்லை. கடைசியில் அவர்கள் கத்தரிக்கோலால் வெட்டினார்கள்.

அவர்கள் வருவதற்கு முன் லூடோ என் அருகில் குந்தி மெதுவாகச் சொன்னார்: “கொக்கி கழன்றது. நீ பார்த்தாய்.”

கொக்கி கழன்றது. நான் பார்த்தேன். அம்புலன்ஸ்காரரிடமும் அதைத்தான் சொன்னேன்.

டிசம்பர் 1, ஞாயிறு

பனிச்சறுக்குச் சம்மேளனத்திலிருந்து தொலைபேசி. ஐரோப்பியப் போட்டிக்கு நான் போகிறேன்.

அம்மா அழுதுகொண்டே ஊரிலிருக்கும் சித்திக்கு அழைத்தார். அப்பா வேலையால் வந்து, மரக்கறித் தொழிற்சாலையின் நீலச் சட்டையோடே கதிரையில் இருந்து செய்தியைக் கேட்டார். கைகொடுத்தார். பிறகு அந்தப் பெடியனின் கால் எப்படி என்று கேட்டார். தெரியாது என்றேன்.

டிசம்பர் 8, ஞாயிறு

மருத்துவமனைக்கு யோரிஸைப் பார்க்கப் போனேன். தொடையிலிருந்து பாதம்வரை மாவுக்கட்டு. இரண்டு அறுவைச் சிகிச்சை முடிந்திருக்கிறது. இனி ஓடலாமா என்பதையே வசந்த காலத்தில்தான் சொல்வார்களாம். அம்மா கொடுத்துவிட்ட வடையைச் சாப்பிட்டான். பிறகு கேட்டான்:

“மேலே போனதுவரை ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகு இல்லை. நீ பார்த்துக்கொண்டிருந்தாயா?”

பார்த்தேன், கொக்கி கழன்றது என்றேன். அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். சரி என்றான்.

டிசம்பர் 14, சனி

வார நாட்களில் தங்கும் அறையிலிருந்து வார இறுதிக்கு அன்ட்வெர்ப்பன் வீட்டுக்கு வந்தேன். குளித்துவிட்டுத் துவாயோடு வெளியே வரும்போது நடையில் அப்பா நின்றார். வழி விடுவார் என்று நினைத்தேன். விடவில்லை. என்னை வெளிச்சத்துக்குத் திருப்பினார். தொடையின் பின்பக்கம், கெண்டைக்கால், மேற்கை எல்லாவற்றையும் பார்த்தார். ஒன்றையும் தொடவில்லை.

“ஆர் அடிச்சது?”

“ஒருத்தரும் அடிக்கேல்லை அப்பா. விழுந்தனான். எல்லாரும் விழுறவைதான்.”

“விழுந்த அடி எலும்பிலதான் பிடிக்கும். இடுப்பில, முழங்கையில, முழங்கால்ல. இது சதையில இருக்கு. வரி வரியாக் கிடக்கு.” பிறகு சொன்னார்: “தம்பி, எனக்கு இது தெரியும்.”

அப்பாவுக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. ஊரில் சண்டைக் காலத்தில், என் வயதில், அவரைச் சாரத்தோடு வீட்டிலிருந்து இழுத்துக்கொண்டு போனார்கள் என்றும், திரும்பி வந்தபோது அவருடைய அம்மாவுக்கே அடையாளம் தெரியவில்லை என்றும் அம்மா ஒரு முறை சொல்லியிருக்கிறார். அப்பா ஒரு நாளும் அதைக் கதைத்ததில்லை. இன்றைக்குத்தான் இவ்வளவு.

நான் கோபப்பட்டேன். ஐரோப்பியப் போட்டி வருகிறது, இந்த நேரத்தில் குழப்பாதேங்கோ, உங்களுக்கு இந்த விளையாட்டைப் பற்றி என்ன தெரியும் என்று சத்தம் போட்டேன். ஒன்றும் தெரியாதுதான் என்றார். போய்ச் சாப்பிடச் சொன்னார்.

டிசம்பர் 19, வியாழன்

வலது கை வீங்கியிருக்கிறது. எழுத்து கோணலாக வரும்.

காலையில் லூடோ பட்டியைக் கட்டச் சொன்னார். கொக்கி புதிது. எழும்பச் சொல்லவில்லை, நின்ற இடத்திலிருந்தே என்னை மேலே இழுத்து அங்கே நிறுத்தினார். கயிற்றின் ஒரு சுற்றைத் தன் இடது கையில் போட்டிருந்தார். வலது கையில் பிளேடு உறை. யோரிஸைப் பார்க்கப் போனாயா என்றார். போனேன் என்றேன். கெண்டைக்காலில் ஒன்று விழுந்தது. என்ன சொன்னாய் என்றார். கொக்கி என்று சொன்னேன் என்றேன். மறு காலில் விழுந்தது. அவனுடைய அம்மாவிடம் என்ன சொன்னாய்? ஒன்றுமில்லை. பொய் என்றார். அதன்பின் கேள்வி இல்லை, அடி மட்டும். தொங்குகிறவன் திரும்பவும் முடியாது, குனியவும் முடியாது. பட்டி விலாவுக்குள் ஏறியது. மெல்ல மெல்லச் சுழன்றுகொண்டிருந்தேன்.

ஒரு சுற்றில் கண்ணாடிக் கதவு தெரிந்தது. அப்பா நின்றார். அடுத்த சுற்றில் கதவு திறந்திருந்தது, அப்பா பனியில் கால் வைத்திருந்தார். வேலைக்குப் போடும் சப்பாத்து. நாலு அடி வைத்து முகம் குப்புற விழுந்தார்.

“அப்பா, வராதேங்கோ” என்று கத்தினேன்.

எழும்பினார். மறுபடி விழுந்தார். வாய்க்குக் கீழே நாடி பிளந்து சட்டையெல்லாம் இரத்தம். பிறகு நடக்க முயலவில்லை, கையையும் முழங்காலையும் ஊன்றித் தவழ்ந்து வந்தார். லூடோ சிரித்தார். யார் இந்த ஆள், தளத்தை விட்டு வெளியே போ என்று டச்சில் சொன்னார். அப்பா அவரைப் பார்க்கவே இல்லை. கயிற்றைப் பிடித்து எழும்பி, லூடோவின் கைக்கு மேலே இரண்டு கைகளாலும் இறுக்கிக்கொண்டார்.

லூடோ உறையால் அவருடைய முகத்தில் அடித்தார். அப்பா கயிற்றை விடவில்லை. மறுபடி அடித்தார். கண்ணுக்கு மேலே பிய்ந்தது. அப்பா கண்ணை மூடிக்கொண்டார். அடி விழ விழ, கையைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி மாற்றி என்னை இறக்கினார். லூடோ அவருடைய வயிற்றில் முழங்காலால் குத்தினார். அப்போதும் கயிறு ஒரே சீராகத்தான் இறங்கியது. என் பிளேடு பனியைத் தொட்ட பிறகுதான் அப்பா கையை விட்டு விழுந்தார்.

கொக்கிகள் ஒரே இழுப்பில் கழன்றன. என் முழங்கை லூடோவின் மூக்கில் இறங்கியது. நொறுங்கியது கையில் தெரிந்தது. அவர் விழுந்தார். அவர் மேல் ஏறி முட்டியால் குத்தினேன், முகத்தில், வாயில், என் கை எங்கே படுகிறது என்று பார்க்காமல். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை எழுதத்தான் வேண்டும். ஒன்பது வருடத்தில் அந்தத் தளத்தில் எனக்கு அவ்வளவு சந்தோஷம் வந்ததில்லை.

பிறகு எழுந்து நின்றேன். அவருடைய கை பனியில் விரிந்து கிடந்தது. என் காலில் பிளேடு. போன வாரம்தான் தீட்டியது. காலைத் தூக்கினேன்.

அப்பா தவழ்ந்து வந்து, தூக்கிய காலை இரண்டு கைகளாலும் கட்டிப்பிடித்துக்கொண்டார். பிளேடு அவருடைய உள்ளங்கையை அறுத்தது. விடவில்லை.

“காணும் தம்பி,” என்றார். “போதும். வீட்ட போவம்.”

டிசம்பர் 20, வெள்ளி

அப்பாவுக்குக் கண்ணுக்கு மேலே ஏழு தையல், உள்ளங்கையில் பதினொன்று. பொலிசில் நேற்று தளத்தில் நடந்ததை நானும் அப்பாவும் சொன்னோம். யோரிஸைப் பற்றி என்னிடம் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஜனவரி 9, வியாழன்

லூடோவின் வக்கீல் முறைப்பாடு கொடுத்திருக்கிறார்: போட்டிக்கு முன் வழமையான பயிற்சி நடந்துகொண்டிருந்தது, தகப்பன் அத்துமீறி உள்ளே வந்து பயிற்சியாளரைத் தாக்கினான், மகனும் சேர்ந்துகொண்டான். மூக்கும் தாடையும் உடைந்த படங்கள் அவர்களிடம் இருக்கின்றன. அப்பாவைச் சந்தேக நபராக விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். முப்பது வருடமாக இந்த நாட்டில் ஒரு வாகனத் தண்டம்கூட வாங்காத மனிதர். பொலிஸ் நிலையத்துக்குப் போட்டுக்கொண்டு போகச் சட்டையை மினுக்கினார். மினுக்கி முடிந்தும் இஸ்திரிப்பெட்டியைப் பிடித்துக்கொண்டே நின்றார். அம்மா போய் வாங்கி வைத்தார்.

மத்தியானம் சம்மேளனத்திலிருந்து ஒரு பெண் பேசினார். பயிற்சியாளரை அடித்தவனை அனுப்ப முடியாது. என் பெயரை எடுத்துவிட்டார்கள். இந்த முறை ஆண்களில் பெல்ஜியத்திலிருந்து ஒருவரும் இல்லை. வருத்தம் தெரிவித்தார். நான் நன்றி சொன்னேன்.

சப்பாத்தைத் துடைத்து, பிளேடுக்கு எண்ணெய் போட்டு, கட்டிலுக்கு அடியில் வைத்தேன்.

ஜனவரி 18, சனி

யோரிஸ் வீட்டுக்குப் போனேன். பேக்கரிக்கு மேலே மாடியில் இருக்கிறார்கள். ஊன்றுகோலோடு அவனே கதவைத் திறந்தான். உள்ளே வா என்று சொல்லவில்லை. படிக்கட்டில் நின்றே சொன்னேன்.

“கொக்கி கழலவில்லை. அவர் உன்னை உயரத் தூக்கினார். நீ கீழே பார்த்தாய். அவர் உன்னைப் பார்த்துக்கொண்டே கையைத் திறந்தார்.”

கீழே ரொட்டி வாங்க வந்தவர்கள் பேசுவது கேட்டது.

“உன் அப்பாவுக்காகத்தானே இப்போது வந்தாய்?”

“ஓம்” என்று தமிழில் வாயில் வந்துவிட்டது. பிறகு டச்சில் சொன்னேன்: “ஆமாம். முதலில் அதற்காகத்தான்.”

“ஐரோப்பியப் போட்டிக்கு உன்னை அனுப்பியிருந்தால் வந்திருப்பாயா?”

தெரியாது என்றேன்.

ஊன்றுகோலை ஓங்கி என் விலாவில் அடித்தான். சுவரோடு போய் மோதினேன். மறுபடி ஓங்கினான். நான் கையைத் தூக்கவில்லை. இரண்டாவது அடி தோளில். மூன்றாவதற்கு ஓங்கும்போது அவனுக்குச் சமநிலை தவறியது, படியில் விழப் பார்த்தான். சட்டையைப் பிடித்து இழுத்தேன். கையைத் தட்டிவிட்டுத் தானே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான். அவனுடைய அம்மா மாவுக் கையோடு ஓடிவந்து எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“மறுபடி சொல்,” என்றான் யோரிஸ். “அம்மாவுக்கும் கேட்கட்டும். முதலிலிருந்து.”

சொன்னேன். அவர் கையைக் கழுவினார், கடையைப் பூட்டினார், கார்ச் சாவியை எடுத்தார்.

பொலிஸ் நிலையத்தில் இரண்டு மணி நேரம் ஆனது. முதலில் ஏன் பொய் சொன்னேன் என்று கேட்டார்கள், அதையும் சொன்னேன். அதற்காக என் மேலும் வழக்கு வரலாம் என்றார் அதிகாரி. லூடோவை இன்று மாலையே கூப்பிடுவார்கள். அவர் இனித் தளத்துக்குள் காலடி வைக்கக்கூடாது. அப்பாவுக்குப் பெரும்பாலும் பிரச்சினை வராது. யோரிஸ் இனி ஸ்கேட் செய்வானா என்று யாருக்கும் தெரியாது. திரும்பி வரும்போது அவன் என்னோடு பேசவில்லை. எப்போதாவது பேசுவானா என்றும் தெரியாது.

ஆனால் போகும்போது நடந்ததை எழுத வேண்டும். சின்னக் கார். முன் இருக்கையில் மாவுக்கட்டுக் கால் மடங்காது, பின்னால்தான் ஏற்றினோம். அவன் ஒரு கதவில் சாய்ந்துகொண்டான். மறுபக்கத்தில் நான். காலை வைக்க வேறு இடமில்லை. என் மடியில் தூக்கி வைத்தான். கனம் தொடையில் இறங்கியது. மூச்சு எடுக்கும்போதெல்லாம் விலா குத்தியது. ஆற்றுப் பாலம் தாண்டி ஒரு வளைவில் அவனுடைய அம்மா சற்று வேகமாகத் திருப்பினார். கால் சரியப் பார்த்தது. இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டேன். அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். கையை எடு என்று சொல்லவில்லை.